கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயின் சரக்குக் கப்பல்கள் ரோபக், சாம்பர்: கடலில் ஓடிய ரயில்வேத் தொழில் பற்றிய விவாதம்

இருப்புப்பாதை நேசன் (இழையைத் தொடங்கியவர்)

பிரிட்டனின் ரயில்வே நிறுவனங்கள் சொந்தமாகக் கப்பல்கள் வைத்திருந்தன என்பது இக்குழுவில் பலருக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அக்கப்பல்களைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் பயணிகள் கப்பல்களையே எழுதுகிறார்கள்; சரக்கை மட்டும் சுமந்த சிறு நீராவிக் கப்பல்கள் அட்டவணையில் ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. இது எனக்கு நெடுநாளாக இருக்கும் மனக்குறை. அதனால் இரண்டே கப்பல்களை எடுத்துக்கொண்டு இந்த இழையைத் தொடங்குகிறேன்.

1925-ஆம் ஆண்டு கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே, ஆங்கிலக் கால்வாய்த் தீவுகளான ஜெர்சி, கெர்ன்சி ஆகியவற்றுக்கான தன் கப்பல் அணியைப் புதுப்பித்தது. கிளைட் ஆற்றங்கரையில் ஜான் பிரவுன் தளத்தில் செயின்ட் ஜூலியன், செயின்ட் ஹீலியர் என்ற பயணிகள் கப்பல்கள் இரண்டும், டைன் ஆற்றங்கரையில் ஸ்வான் ஹண்டர் தளத்தில் ரோபக், சாம்பர் என்ற சரக்குக் கப்பல்கள் இரண்டும் கட்டப்பட்டன. இந்நிறுவனத்துக்குத் தன் கப்பல்களுக்கு விலங்குகளின் பெயரைச் சூட்டும் வழக்கம் முன்பிருந்தே உண்டு. அந்த வரிசையில் நம் மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில் திரியும் கடமானும் (ஆங்கிலத்தில் சாம்பர்) இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள டார்செட் கடற்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. இரண்டும் 800 டன்னுக்குச் சற்றுக் குறைந்த மொத்தக் கொள்ளளவும் இரட்டைச் சுழலியும் (கப்பலை உந்தும் இரு விசிறிகள்) கொண்டவை. அந்த டார்செட் கரையின் வேமவுத் துறைமுகம்தான் அவற்றின் வீடு.

இக்கப்பல்களைக் கடல் தொழிலின் பகுதியாகப் பார்ப்பதைவிட, ரயில்வேயின் சரக்கு வண்டித் தொழிலின் பகுதியாகப் பார்த்தால்தான் அவற்றின் வாழ்க்கை விளங்கும் என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

கலங்கரை

நண்பரே, தலைப்பை வரவேற்கிறேன்; கருத்தோடுதான் உடன்பட முடியவில்லை. ஜெர்சியின் உருளைக்கிழங்கு மே, ஜூன் மாதங்களில் சில வாரங்களுக்குள் விளைந்து, அறுவடையாகி, விற்றும் முடிந்துவிடும் பயிர். கெர்ன்சித் தக்காளியின் பருவம் அதைவிட நீண்டது என்றாலும் அதற்கும் உச்சம் கோடைதான். ஆண்டில் சில மாதங்கள் மட்டுமே முழுச் சுமை கிடைக்கும் ஒரு தடத்துக்கு, மாலுமிகளுக்கும் கரிக்கும் கொதிகலன் பராமரிப்புக்கும் ஆண்டு முழுவதும் செலவழித்து ரயில்வே எதற்காகச் சொந்தக் கப்பலை வைத்திருக்க வேண்டும்? தனியார் கப்பல் நிறுவனமாக இருந்திருந்தால் ஆறு மாதம் இங்கும் ஆறு மாதம் வேறு கடலிலும் அதே கப்பலை ஓட்டி வருமானம் பார்த்திருக்கும். ரயில்வேக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. எந்தத் துறைமுகத்துக்குக் கப்பல் விடலாம் என்பதற்கே நாடாளுமன்றச் சட்டம் வழியாக அதிகாரம் பெற வேண்டியிருந்தது. கப்பலை மட்டும் தனிக் கணக்காக எடுத்துக்கொண்டால் இது சிக்கனமான ஏற்பாடு என்று சொல்ல முடியாது.

இருப்புப்பாதை நேசன்

கலங்கரை அவர்களின் கேள்வி நேரானது. அதற்கான பதில் அவருடைய கடைசி வாக்கியத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்: கப்பலை மட்டும் தனிக் கணக்காக எடுக்கக் கூடாது.

ஜெர்சியின் ஒரு மூட்டை உருளைக்கிழங்கு எங்கே போகிறது என்று பாருங்கள். வேமவுத்தில் அதை வாங்கித் தின்ன ஆள் இல்லை. அது பிர்மிங்காம் போகிறது, மான்செஸ்டர் போகிறது, இன்னும் வடக்கேயும் போகிறது. வேமவுத்துக்கும் கெர்ன்சிக்கும் இடையிலான கடல்வழி ஏறத்தாழ 70 கடல் மைல். ஜெர்சிக்கு அதற்கு மேலும் ஒரு குறுகிய பயணம். ஆனால் கப்பலிலிருந்து இறங்கிய சரக்கு ரயிலில் போகும் தூரம் பெரும்பாலும் அதைவிட இரண்டு, மூன்று மடங்கு. அந்த நிலவழிக் கட்டணம் எந்த ரயில்வேக்குக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது, சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்குகிறது என்பதுதான். வேமவுத்தில் இறங்கினால் கிரேட் வெஸ்டர்னுக்கு. சவுத்தாம்ப்டனில் இறங்கினால் அதன் போட்டியாளரான லண்டன் அண்ட் சவுத் வெஸ்டர்ன் ரயில்வேக்கு (1923 முதல் அது சதர்ன் ரயில்வேயின் பகுதி). ஆகவே கப்பலைக் கையில் வைத்திருந்தவர் நூற்றுக்கணக்கான மைல் சரக்கு வருமானத்தின் கதவைக் கையில் வைத்திருந்தார்.

இது 1889-இலிருந்தே தெளிவாகத் தெரிகிறது. அதுவரை வேமவுத்திலிருந்து ஒரு தனிக் கப்பல் நிறுவனம்தான் தீவுகளுக்குக் கப்பல் விட்டுவந்தது. அந்நிறுவனம் சவுத்தாம்ப்டன் கப்பல்களோடு போட்டியிட முடியாமல் தளர்ந்தபோது, கிரேட் வெஸ்டர்ன் நாடாளுமன்ற அனுமதி பெற்றுத் தானே கடலில் இறங்கியது. பர்க்கன்ஹெட்டில் லேர்ட் தளத்தில் கட்டிய லிங்க்ஸ், ஆன்டிலோப், கஸெல் என்ற மூன்று கப்பல்களோடு அந்த ஆண்டு சேவையைத் தொடங்கியது. தனியார் நிறுவனத்தை நம்பியிருந்தால் என்ன நேரும் என்பதை அது முன்பே பார்த்துவிட்டது.

அதன் பிறகு பத்தாண்டுகள் இரு ரயில்வேக்களும் ஒன்றையொன்று முந்த முயன்றன. 1899 மார்ச் 30 அன்று சவுத் வெஸ்டர்னின் ஸ்டெல்லா என்ற பயணிகள் கப்பல் மூடுபனியில், கால்வாய்த் தீவுகளை ஒட்டிய காஸ்கெட்ஸ் பாறைகளில் மோதி எட்டே நிமிடங்களில் மூழ்கியது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். முந்தும் ஓட்டமே காரணமாக இருக்கலாம் என்ற பேச்சு எழுந்தது. அந்த ஆண்டே இரு நிறுவனங்களும் உடன்பாட்டுக்கு வந்து, முறைவைத்துக் கப்பல் விடவும் வருமானத்தைப் பகிர்ந்துகொள்ளவும் ஒப்புக்கொண்டன. அவ்வளவு போட்டிக்குப் பிறகும் இருவரில் ஒருவர்கூடக் கப்பலைக் கைவிடவில்லை என்பதே, அதன் மதிப்பு கடல் கணக்கில் மட்டும் அடங்கவில்லை என்பதற்குப் போதுமான சான்று.

பருவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்சியிலிருந்து 1891-ஆம் ஆண்டில் மட்டும் 66,000 டன்னுக்கு மேல் உருளைக்கிழங்கு ஏற்றுமதியானது. முதலில் சந்தைக்கு வரும் புதுக்கிழங்குக்குத்தான் விலை. இங்கிலாந்தின் சொந்த விளைச்சல் வெளிவந்ததும் அந்த விலை சரிந்துவிடும். இரண்டு நாள் தாமதம் என்றால் உழவருக்கு நஷ்டம். இப்படிப்பட்ட சரக்குக்கு, சுமை நிறையும்வரை காத்திருக்கும் கப்பல் உதவாது. பாதி நிரம்பியிருந்தாலும் நேரத்துக்குப் புறப்பட்டு, மறுகரையில் காத்திருக்கும் வண்டியைப் பிடிக்கும் கப்பல்தான் வேண்டும். கப்பலும் வண்டியும் ஒரே முதலாளியின் கீழ் இருந்தால்தான் அது நம்பகமாக நடக்கும்.

துறைமுகக் காற்று

நான் எஞ்சின் அறையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். டீசல் காலத்தவன் என்றாலும், நீராவிக் கப்பலில் தொழில் கற்ற மூத்தவர்களிடம் பழகியவன். இந்த விவாதத்தில் வேலையின் பக்கம் இன்னும் வரவில்லை என்பதால் அதை எழுதுகிறேன்.

முதலில் ஓதம். ஜெர்சியைச் சுற்றிய கடலில் பெரு ஓத நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் இடையே ஏறத்தாழ 12 மீட்டர் வித்தியாசம் இருக்கும். நம் சென்னைக் கடற்கரையில் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும் ஓதத்தைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இதைக் கற்பனை செய்வதே கடினம். காலையில் கரைமேடைக்கு மேலே உயர்ந்து நிற்கும் கப்பலின் தளம், சில மணி நேரத்தில் நான்கு மாடிக் கட்டடத்தின் உயரம் அளவுக்குக் கீழே இறங்கிவிடும். செயின்ட் ஹீலியரின் பழைய துறைமுகப் பகுதிகளில் வற்றத்தின்போது நீரே இருக்காது. ஆகவே சரக்கேற்றும் கூட்டத்துக்கு ஒரு கண் சரக்கின் மேலும் ஒரு கண் நீரின் மேலும் இருந்தாக வேண்டும். கட்டுக்கயிறுகளை ஓயாமல் தளர்த்தியும் இறுக்கியும் கொடுப்பதற்கென்றே ஆள் வேண்டும். புறப்படும் நேரத்தை ரயில்வே அட்டவணை எழுதலாம். கப்பல் உள்ளே வர முடியுமா என்பதை ஓத அட்டவணைதான் எழுதும். இந்த இரண்டு அட்டவணைகளையும் பொருத்திக் காட்டுவதே கேப்டனின் அன்றாட வேலை.

அடுத்தது சரக்கின் தன்மை. கெர்ன்சித் தக்காளி, மெல்லிய மரச்சீவலால் பின்னிய, 12 பவுண்டு கொள்ளும் சிறு கூடைகளில் வந்தது. அதை நெல் மூட்டை மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட முடியாது. கீழ்க்கூடை நசுங்கினால் சாறு வழிந்து பக்கத்துக் கூடைகளும் கெட்டுப்போகும். காற்று உள்ளே புக வேண்டும். கொதிகலன் அறையின் சூடு சரக்கறைக்குள் வரக் கூடாது. இத்தகைய சரக்கில் கப்பலின் இடம் முதலில் நிறைந்துவிடும், எடைத் தாங்குதிறன் மிச்சமிருக்கும். அதனால் கப்பல் நீரில் போதிய ஆழம் அமிழாது. காற்று பக்கவாட்டில் தள்ளும், கப்பல் இருபுறமும் சாய்ந்தாடுவதும் கூடும். உருளைக்கிழங்கு அப்படியில்லை, அது கனமான சரக்கு, கப்பலை நிலையாக வைத்திருக்கும். ஒரே கப்பல் ஒரே மாதத்தில் இந்த இரண்டு சுமைகளையும் ஏற்றிக்கொண்டு பாறைகள் நிறைந்த அந்தக் கடலில் பனிமூட்டத்தில் போய் வந்தது என்றால், அதை ஓட்டியவர்களின் திறமையை நாம் மதிக்க வேண்டும். இரட்டைச் சுழலி வைத்தார்கள் என்று படித்தபோது எனக்கு வியப்பே இல்லை. நெருக்கடியான துறைமுகத்தில் ஒன்றை முன்னும் மற்றதைப் பின்னுமாக ஓட்டிக் கப்பலைத் தன் நீளத்துக்குள்ளேயே திருப்பிவிடலாம்.

கடைசியாகக் கரி. குறுகிய பயணம் என்பதால் எஞ்சின் அறைக்கு வேலை குறைவு என்று சிலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நீண்ட பயணத்தில் ஒருமுறை நெருப்பைச் சீராக்கிவிட்டால் பல நாட்கள் ஒரே போக்கில் ஓடும். இங்கேயோ சில மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தம், நெருப்பை அடக்குதல், மறுபடி எழுப்புதல், சாம்பல் வாருதல். பருவத்தில் துறைமுகத்தில் நிற்கும் நேரத்திலும் கரி அள்ளுபவர்களுக்கு ஓய்வு கிடைத்திருக்காது.

கொங்கு மாட்டுக்காரன்

ஐயாமார் இருவருக்கும் வணக்கம். கப்பல் பற்றி எனக்கு அறிவு இல்லை. ஜெர்சி என்ற பெயரைப் பார்த்ததும் உள்ளே வந்தேன். எங்கள் பக்கத்தில் ஜெர்சி கலப்பினப் பசு இல்லாத பால் சொசைட்டியே இல்லை. இந்த மாடுகளின் முன்னோர் அந்தத் தீவிலிருந்து வெளியேறியதும் இப்படிப்பட்ட சரக்குக் கப்பல்களில்தானா? அப்படியென்றால் திரும்பும் பயணத்தில் வேறு மாடுகளை ஏற்றி வந்தார்களா?

இருப்புப்பாதை நேசன்

மிகப் பொருத்தமான கேள்வி. ஜெர்சி, கெர்ன்சி மாடுகள் இரண்டும் இந்தத் தீவுகளின் முக்கிய ஏற்றுமதிகள். ரயில்வேக் கப்பல்களில் அவை இங்கிலாந்துக்குச் சென்று, அங்கிருந்து உலகின் பல பண்ணைகளுக்குப் போயின. ஆனால் திரும்பும் வழியில் மாடு வரவே முடியாது. 1789-ஆம் ஆண்டிலேயே ஜெர்சி அரசு வெளிமாடுகளைத் தீவுக்குள் கொண்டுவரத் தடைச் சட்டம் இயற்றிவிட்டது. அந்த இனம் கலப்பில்லாமல் நின்றதற்கு அதுவே காரணம். கப்பல் உரிமையாளரின் பக்கத்திலிருந்து பார்த்தால், மாட்டுச் சரக்கு ஒருவழிச் சரக்கு. தீவிலிருந்து கிழங்கும் தக்காளியும் பூவும் மாடும் வெளியே போகும்; தீவுக்கு மாவும் தீவனமும் இயந்திரங்களும் கடைச் சாமான்களும் உள்ளே வரும். கோடையில் போகும் சுமை வரும் சுமையைவிடப் பல மடங்கு. குளிர்காலத்தில் வரும் சுமைதான் கப்பலை ஓட்டியது. ஆகவே, ஆண்டில் பல மாதங்கள் வேலையில்லை என்று கலங்கரை அவர்கள் சொன்னது முழுமையான படம் அல்ல. வேலையின் திசைதான் மாறியது.

டார்செட் தமிழன்

வேமவுத்திலிருந்து அதிக தூரமில்லாத ஊரில் வசிக்கிறேன். கப்பலுக்கும் வண்டிக்கும் நடுவிலிருந்த அந்த ஒரு மைல் தண்டவாளத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்த இழை முழுமையாகாது.

வேமவுத் நிலையத்திலிருந்து கப்பல்துறை வரை ஊரின் தெரு வழியாகவே தண்டவாளம் போட்டிருந்தார்கள். 1865-இல் அந்தப் பாதை திறந்தபோது சரக்கு வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. பிறகு நீராவி எஞ்சின்கள் வந்தன. வீட்டு வாசல்களுக்கும் நங்கூரமிட்ட படகுகளுக்கும் நடுவே, மணியடித்துக்கொண்டு, கொடி பிடித்த ஆட்கள் முன்னால் நடக்க, ரயில் ஊர்ந்து போகும். துறைமுகத்தை ஒட்டிய வளைவுகள் மிகவும் கடுமையானவை என்பதால் பெரிய எஞ்சின்கள் அங்கே நுழைய முடியாது. 1934-இல் ஸ்விண்டன் தொழிற்சாலையில் கட்டிய 1366 வரிசை எஞ்சின்கள் ஆறும் சக்கர இடைவெளி குறுகியவை. இத்தகைய துறைமுகப் பாதைகளுக்கு ஏற்றவை, வேமவுத்தில் அவை நெடுங்காலம் வேலை செய்தன.

தெருவைத் தாண்டியும் சிரமம் முடியவில்லை. வேமவுத்திலிருந்து டார்செஸ்டருக்குப் போகும் பாதை உடனே மலையேறுகிறது; அப்வே அருகே ஏற்றம் 50-க்கு 1. தக்காளி நிறைந்த நீண்ட சரக்கு வண்டியைத் தனி எஞ்சினால் மேலேற்ற முடியாமல் உதவி எஞ்சினைச் சேர்த்துத் தள்ள வேண்டியிருந்தது. கப்பல் நேரம் தவறினால் இந்த உதவி எஞ்சின்கள், வேகன்கள், சரக்கிறக்கும் தொழிலாளர்கள் எல்லோரும் காத்திருக்க வேண்டும். கப்பல் நேரத்துக்கு வந்து வேகன்கள் இல்லையென்றால் தக்காளி வெயிலில் கிடக்கும். இருப்புப்பாதை நேசன் சொல்லும் ‘ஒரே முதலாளி’ என்பதன் பொருள் எனக்கு இந்தத் தெருவில் நின்றபோதுதான் முழுவதும் விளங்கியது.

துறைமுகக் காற்று

இந்தக் கப்பல்கள் போரில் என்ன ஆயின என்பதை யாராவது எழுத முடியுமா? கால்வாய்த் தீவுகள் ஜெர்மானியர் பிடியில் இருந்தன என்ற அளவில்தான் எனக்குத் தெரியும்.

இருப்புப்பாதை நேசன்

எழுதுகிறேன். ரோபக் என்ற பெயருக்கு முதல் உலகப் போரிலேயே ஒரு துயரம் உண்டு. 1897-இல் கட்டிய பழைய ரோபக் ஒரு பயணிகள் கப்பல். கடற்படை அதை எடுத்துக்கொண்டு ரோடீன் என்று பெயர் மாற்றியது. 1915 ஜனவரி 13 அன்று ஸ்காட்லாந்தின் வடக்கே லாங்ஹோப்பில் நங்கூரம் இழுபட்டு, வேறொரு கடற்படைக் கப்பலில் மோதி அது மூழ்கியது. நாம் பேசும் 1925-ஆம் ஆண்டுச் சரக்குக் கப்பல் அந்தப் பெயரைத்தான் ஏற்றது.

1940 மே மாதக் கடைசியில் டன்கர்க் கடற்கரையிலிருந்து படைகளை மீட்கும் பணிக்கு ரோபக் போனது. படுக்கையும் இருக்கையும் இல்லாத, கிழங்கு ஏற்றும் கப்பல் அது. அதன் சரக்கறைகளிலும் தளத்திலும் காயமடைந்தவர்கள் உட்பட நூற்றுக்கணக்கான வீரர்கள் ஏறித் திரும்பினார்கள். இரண்டு வாரம் கழித்து ரோபக், சாம்பர் இரண்டையும் செயின்ட் வேலரி-ஆன்-கோ என்ற பிரெஞ்சுத் துறைமுகத்துக்கு அனுப்பினார்கள். அங்கே சிக்கியிருந்த 51-ஆம் ஹைலேண்ட் டிவிஷனை மீட்பது நோக்கம். ஆனால் ஜூன் 12 அன்றே அந்த டிவிஷன் சரணடைந்துவிட்டது. ஊர் எதிரியின் கையில் இருப்பது தெரியாமல் கரையை நெருங்கிய இரு கப்பல்களையும் ஜெர்மன் பீரங்கிகள் தாக்கின. உயிரிழப்போடும் கடும் சேதத்தோடும் அவை தப்பி வந்தன. இவர்கள் போர்ப்பயிற்சி பெற்ற கடற்படையினர் அல்லர், ரயில்வே ஊழியர்கள் என்பதை நினைவில் வைத்து இதைப் படிக்க வேண்டும்.

தீவுகளிலேயே நடந்ததுதான் இந்தச் சரக்குத் தொழிலோடு நேரடியாகப் பிணைந்த கொடுமை. 1940 ஜூன் இறுதி என்பது தக்காளிப் பருவத்தின் உச்சம். ஜூன் 28 மாலை, கெர்ன்சியின் செயின்ட் பீட்டர் போர்ட் கப்பல்துறையில் தக்காளிக் கூடைகளோடு லாரிகள் வரிசையாகக் காத்திருந்தன. படைகள் முன்பே விலகிவிட்டிருந்தும், தீவுகள் படையற்றவை என்ற அறிவிப்பு எதிரிக்கு எட்டும்படி செய்யப்படவில்லை. மேலிருந்து பார்த்த ஜெர்மன் விமானங்கள் அந்த லாரிகளைப் படை வண்டிகள் என்று கருதிக் குண்டு வீசின. லாரிகளுக்கு அடியில் பதுங்கிய ஓட்டுநர்களும் உழவர்களும் அங்கேயே எரிந்து மாண்டார்கள். இரு தீவுகளிலுமாக அன்று 44 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் தீவுகள் ஜெர்மானியர் வசமாயின. 1945 மே 9 வரை வேமவுத்துக்குத் தக்காளி வரவில்லை.

சவுத்தாம்ப்டன் பக்கத்துச் சரக்குக் கப்பல்களுக்கும் இழப்பு உண்டு. சதர்ன் ரயில்வேயின் ஃப்ராட்டன், 1944 ஆகஸ்டில் நார்மண்டிக் கடற்கரையில் மூழ்கடிக்கப்பட்டது. ரோபக்கும் சாம்பரும் பிழைத்துப் பழைய தடத்துக்கே திரும்பின. 1948 ஜனவரி 1 அன்று ரயில்வே நாட்டுடைமையானபோது பிரிட்டிஷ் ரயில்வேயின் சொத்தாகி, 1960-களின் நடுப்பகுதியில் உடைக்கப்படும்வரை உழைத்தன.

கலங்கரை

விரிவான பதில்களுக்கு நன்றி. நிலவழி வருமானத்தைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்ற வாதத்தை ஏற்கிறேன். ஆனால் அதே வாதத்துக்கு ஒரு மறுபக்கமும் உண்டு: நிலவழி வருமானம் போய்விட்டால் கப்பலுக்கும் காரணம் போய்விடும். அப்படித்தான் நடந்ததா?

டார்செட் தமிழன்

அப்படியேதான் நடந்தது. போருக்குப் பிறகும் தக்காளி பெருமளவில் வந்தது. கோடை நாட்களில் வேமவுத்திலிருந்து சரக்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கிளம்பின. 1959-இல் பிரிட்டிஷ் ரயில்வே எல்க், மூஸ் என்ற புதிய மோட்டார் சரக்குக் கப்பல்களையும் கால்வாய்த் தீவுகளின் சரக்குக்காகக் கட்டியது. ஆனால் அதே காலத்தில் லாரிகள் துறைமுகத்திலிருந்து நேரே சந்தைக்குப் போகத் தொடங்கிவிட்டன. பெட்டகத்தில் (கன்டெய்னரில்) அடைத்த சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கினாலும் லாரியில் ஏறிவிடும் என்று ஆனதும், வேமவுத்தின் தெருத் தண்டவாளத்துக்கு இருந்த தனி மதிப்பு போய்விட்டது. தக்காளி வேகன்கள் 1970-களின் தொடக்கத்தோடு நின்றன. அதைத் தொடர்ந்து எண்ணெய் விலை ஏற்றத்தால், தக்காளி வளர்த்த கண்ணாடிக் குடில்களைச் சூடாக்குவது கட்டுப்படியாகாமல், டச்சுத் தக்காளியின் போட்டியும் சேர்ந்து, கெர்ன்சியின் தக்காளித் தொழிலே சரிந்தது. கப்பல்துறைப் பாதையில் கடைசி ரயில் ஓடியது 1999-இல். 2020-இல் தொடங்கி அந்தத் தண்டவாளத்தையும் பெரும்பாலும் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

இருப்புப்பாதை நேசன்

கலங்கரை அவர்களின் மறுபக்கம் சரியானது. அது என் வாதத்தை உறுதிப்படுத்துவதாகவே நான் கொள்கிறேன். கடல் அப்படியே இருந்தது, தீவுகளில் கிழங்கும் விளைந்துகொண்டுதான் இருந்தது, இன்றும் ஜெர்சிப் புதுக்கிழங்கு இங்கிலாந்துக் கடைகளுக்கு வருகிறது. மாறியது வேமவுத்துக்கு அப்பால் அந்தச் சரக்கை யார் சுமந்தார்கள் என்பது மட்டும்தான். இதே அளவுகோலை வைத்து, வேல்ஸின் ஃபிஷ்கார்டிலிருந்து அயர்லாந்தின் வாட்டர்ஃபோர்டுக்கு ஓடிய இதே ரயில்வேயின் கப்பல்களையும் பார்க்கலாம். அயர்லாந்திலிருந்து ஃபிஷ்கார்டுக்கு வந்து சேர்ந்த சரக்கில் கால்நடை பெரும்பங்கு என்பதால் கப்பலின் அமைப்பும் வேகன்களின் ஏற்பாடும் வேறாக இருந்தன. துறைமுகக் காற்று ஐயா மாட்டுக் கப்பல்களின் காற்றோட்ட அமைப்பைப் பற்றி எழுத இசைந்தால், அதைத் தனி இழையாகத் தொடங்கிவிடலாம்.